மலையில் சொர்ணம் சொன்ன பொய்

மலாயாவில் குளிரால் செத்தவர்கள் உண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஈப்போ வெயிலில் விசிறிக்கொண்டே சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜப்பான்காரன் காலத்தில், தாப்பாவுக்கு மேலே மலையில், ஈரச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு முட்டைக்கோசுக்குக் குழி வெட்டியிருந்தால் இவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் வெட்டினேன். என் பெயர் இருதயமேரி. ஆனால் இது என் கதை இல்லை, சொர்ணத்தின் கதை.

சொர்ணம் போன வருஷம் ஜெலாப்பாங்கில் ஒரு பலகை வீட்டில் செத்துப்போனாள். தூக்கிக்கொண்டு போனவர்களில் அவளுடைய சொந்தக்காரன் ஒருவன்கூட இல்லை. புருஷனை மகன் கடமை செய்யவிடாமல் தடுத்தவள், பிள்ளை இல்லாத வயிற்றைக் காட்டி ஊரை ஏமாற்றியவள் என்று அவளைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். அப்படிப் பேசுகிற வாய்களில் பாதி, அவளால் மலையிலிருந்து உயிரோடு இறங்கி வந்த வாய்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடு. சொர்ணம் அதிகம் பேசமாட்டாள், பேசினால் எதிராளிக்கு உறைக்கும்படி பேசுவாள். அவள் புருஷன் ஜெயபாலன், அப்பாவு என்ற கிழவருக்கு ஒரே பிள்ளை. சிவப்பாக, லட்சணமாக இருப்பான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் நன்றாகப் பாடுவான். நெஞ்சு மட்டும் பலமில்லை. மழைக்காலம் வந்தால் இருமத் தொடங்குவான்.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வேலை நின்றது. சோறு போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. பிறகு சயாமில் ரயில் போடுகிறார்கள் என்று ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த நேரத்தில்தான் பத்துமலை என்கிற கங்காணி லயத்துக்கு வந்து, மலையில் காய்கறித் தோட்டம் போடுகிறார்கள், அங்கே பேர் கொடுத்தால் சயாமுக்குத் தப்பிக்கலாம் என்றான். பத்துமலை வேறு யாரோ இல்லை. அப்பாவுக் கிழவரின் தம்பி மகன், ஜெயபாலனுக்கு அண்ணன் முறை. பெரியப்பா, பெரியப்பா என்று கிழவரின் காலடியிலேயே உட்கார்ந்து தேன் ஒழுகப் பேசினான். எத்தனை ஆளைக் கொண்டுவருகிறானோ அதற்குத் தக்கபடி ஜப்பான்காரனிடம் அவனுக்கு மரியாதை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மலையில் எங்களுக்கு கொங்சி என்று ஒரு நீளமான கொட்டகை கட்டிக் கொடுத்தார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் சுவர். ஒரு பக்கம் ஆண்கள், நடுவில் ஒரு தட்டி, மறுபக்கம் பெண்கள். கட்டிக்கொண்டு போன துணி சில மாதங்களில் நைந்து கிழிந்தது. பிறகு எல்லாருக்கும் சாக்குதான் உடை. காலையில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் தெரியாது. மழை பெய்யும், நின்றால் காற்று அடிக்கும், சாக்கு காயவே காயாது. நனைந்த சாக்கின் நாற்றம், அதில் குடியிருக்கும் பேன், காலில் சேற்றுப்புண், புண்ணில் அட்டை. இப்போதும் மழையில் நனைந்த சாக்கை எங்காவது பார்த்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன்.

போன புதிதில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்கிறேன். ரப்பர் தோட்டத்து ஆட்கள் அல்லவா, மழைக்கு ரப்பர் ஷீட்டைப் போர்த்தினால் நனையமாட்டோம் என்று பழைய ஷீட்டுகளைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தோம். மழை உள்ளே வரவில்லை, உண்மைதான். ஆனால் மண்வெட்டி பிடித்துக் கொஞ்ச நேரம் வேலை செய்தால் வியர்வை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஊறும். நிமிர்ந்து நின்றதும் அந்த ஈரம் எலும்பைக் குடையும். சொர்ணமும் எங்களோடு சேர்ந்து அப்படி நடுங்கியவள்தான். ஒரு வாரம் பார்த்துவிட்டு ஷீட்டைத் தூக்கிக் கூரை ஒழுகுகிற இடத்தில் போட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கண் வேறு மாதிரி ஆகிவிட்டது. யார் நடுங்குகிறார்கள், யார் நடுக்கம் நின்று சும்மா உட்காருகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பாள். நடுங்குகிறவன் பிழைப்பான், நடுக்கம் நின்று பேச்சுக் குழறுகிறவனைத்தான் உடனே அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வரவேண்டும் என்பாள். ஆளுக்கொரு சாக்கை வேலைக்குக் கட்டாமல் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட வைத்தாள். வேலை முடிந்ததும் ஈரத்தை உரித்துப் போட்டுவிட்டு அதைத்தான் சுற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு சாக்குக்கு நடுவில் காய்ந்த லாலான் புல்லைத் திணித்துத் தைத்தாள். அது குத்தும், அரிக்கும், ஆனால் சூடு நிற்கும். புகை நாற்றம் அடிக்கிறது என்று சில மகாராணிகள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அவர்களும் தொங்கவிட்டார்கள்.

பத்துமலை வேறு வழி வைத்திருந்தான். குளிருக்குச் சம்சுச் சாராயம். எங்கிருந்தோ ஒரு தகரத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை வேகமாக ஆகவேண்டிய நாளில் ஆண்களுக்கு ஒரு மடக்குக் கொடுப்பான். குடித்த உடனே சூடாகத்தான் இருக்கும், சாக்கைக்கூடக் கழற்றிப் போடுவார்கள். பிறகு பார்த்தால் மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். மேலிடத்திலிருந்து எங்களுக்கென்று வந்த கம்பளிகளை இவன் தன் மூங்கில் கட்டிலில் மெத்தைக்குப் பதிலாக விரித்துப் படுத்தான். ஜப்பான்காரனைத் திட்ட எல்லாருக்கும் வாய் இருக்கிறது. எனக்கு வயிறு எரிவது நம் ஆளை நினைத்துத்தான்.

சாவு வந்தபோது இவன் செய்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். மலையில் முதலில் செத்தவர் வேறு தோட்டத்து ஆள். எரிக்கக் காய்ந்த விறகு கிடையாது, புதைத்தோம். சடங்கு எதுவும் குறையக்கூடாது என்று பத்துமலை நின்றான். அவனுக்கு அது கௌரவம். செத்தவரின் மருமகனுக்கு மொட்டை அடித்து, வெறும் உடம்போடு தோளில் நீர்க்குடத்தை வைத்துக் குழியைச் சுற்ற வைத்தான். குடத்தில் போட்ட ஓட்டை வழியாக ஐஸ் மாதிரியான ஓடைத் தண்ணீர் முதுகில் வழிய வழிய அவன் சுற்றினான். பிறகு தூக்கியவர்கள், வெட்டியவர்கள் எல்லாரும் ஓடையில் தலைமுழுகிவிட்டுத்தான் கொங்சிக்குள் வரவேண்டும் என்று வாசலில் நின்றுகொண்டான். அந்த மருமகன் அந்த வாரமே போய்விட்டான். குழி வெட்டியதில் இன்னொருவனும் போனான். அவர்களுக்கும் அதே சடங்கு. ஒரு சாவு அடுத்த சாவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

என் மதத்தில் அந்தக் குளியல் இல்லை என்பதால் நான் ஏதோ உயர்ந்தவள் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கும் கிறுக்கு உண்டு. கஸ்பார் என்று ஒருவர், அந்த மலையில் தவக்காலத்துக்கு ஒருபொழுது இருந்து, வெறும் வயிற்றோடு மழையில் நின்று விழுந்தார். சாமி கேட்டாரா? கேட்கவில்லை. சொர்ணம் என்னைவிட அதிகமாகச் சாமி கும்பிடுகிறவள். குளிக்க வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. வெந்நீர் வைத்துத் தருகிறேன், அதில் முழுகட்டும் என்றுதான் கேட்டாள். வெந்நீரில் தீட்டுப் போகாது என்று சொல்லிவிட்டான் பத்துமலை. சொல்லும்போது அவன் தோளில் கம்பளி கிடந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக் கிழவர் போனார். அன்று காலையிலிருந்து தூறல். வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பத்துமலை சம்சு ஊற்றிக் கொடுத்தான். பெரியப்பாவுக்கு இன்னொரு மடக்கு என்று கூடவே ஊற்றினான். கிழவர் சாக்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சூடாக இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தாராம். சொர்ணம் அன்று வேறு பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆள் போய்ச் சொல்லி அவள் ஓடி வந்தபோது கிழவர் விறைத்துவிட்டார்.

ஜெயபாலன் அந்த நேரத்தில் காய்ச்சலில் கிடந்தான். மலைக்கு வந்ததிலிருந்தே அவனுக்குக் காய்ச்சல்தான், விட்டு விட்டு வரும். அந்த முறை நெஞ்சிலும் சளி கட்டி மூச்சு இழுத்தது. சொர்ணம் அடுப்பங்கரையிலேயே அவனுக்கு இடம் பிடித்து, காய்ந்த சாக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, சுடுகஞ்சியாக ஊட்டி, எழுந்து உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். இந்த நிலையில் மொட்டையும் நீர்க்குடமும் என்றால் அப்பனைப் புதைத்த குழியை மூடுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று வெட்ட வேண்டியிருக்கும். கொங்சியில் எல்லாருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலையிலும் மழை. பத்துமலை ஓடைக்கரையில் கத்தியும் குடமும் தயாராக வைத்துவிட்டு ஜெயபாலனைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னான். சொர்ணம் பத்துமலையின் காலைத் தொட்டுக் கேட்டாள். தலையில் நாலு மயிரை வெட்டிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆகாதா என்றாள். பெரியப்பாவை நாயைப் புதைப்பது மாதிரிப் புதைக்கச் சொல்கிறாயா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டான். அவனே ஊற்றிக் கொடுத்துச் சாகடித்துவிட்டு இப்படிக் கேட்க வாய் வந்தது பாருங்கள். சொர்ணம் எழுந்து புருஷனிடம் போய்க் கெஞ்சினாள். ஜெயபாலன் கேட்கவில்லை. அப்பனுக்குச் செய்யாத பிள்ளை என்று பேர் வாங்கமாட்டேன் என்று இருமிக்கொண்டே எழுந்து, போர்த்தியிருந்த சாக்கைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தான்.

சொர்ணம் அவன் கையைப் பிடித்தாள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அவர் செய்யக்கூடாது. நான் மாசமா இருக்கேன்" என்றாள்.

எங்கள் தோட்டத்து ஆட்களிடம் அந்த வழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளை உண்டாகியிருந்தால் புருஷன் மொட்டை அடிக்கக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது, நீர்க்குடம் எடுக்கக்கூடாது. வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. குளிருக்குப் பயப்படாத பயல்கள் அதற்குப் பயப்படுவார்கள்.

பெத்தவனுக்குச் செய்ய விலக்கு ஏது என்று பத்துமலை குதித்தான். தோட்டத்தில் சாவுச் சடங்குகளை நடத்திவைக்கிற நவமணி அங்கே இருந்தார். கொள்ளி வைக்கலாமா கூடாதா என்று வேண்டுமானால் பேசலாம், இங்கே எரிக்கவே போவதில்லை, மொட்டையும் குடமும் மட்டும் கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவரும் மழையில் நின்றுகொண்டிருந்தார், சீக்கிரம் முடிந்தால் சரி என்று அவருக்கு. உண்மையா என்று பத்துமலை என்னைக் கேட்டான். நான் சொர்ணத்துக்குப் பக்கத்தில் படுக்கிறவள். பட்டினியில் எங்களில் ஒருத்திக்கும் மாதத் தூரமே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். மலைக்கு வந்த நாளிலிருந்து அவளும் புருஷனும் ஒன்றாகப் படுக்கவில்லை என்பதும் தெரியும். ஆமாம், உண்மைதான் என்று சிலுவை போட்டுச் சொன்னேன்.

அப்போது நான் ஜெயபாலன் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அவனுக்கும் கணக்குத் தெரியும் அல்லவா. பிள்ளை தன்னுடையதாக இருக்க முடியாது. பெண்டாட்டி தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்லியிருப்பாள் என்று அந்த மூளைக்குத் தோன்றவே இல்லை. அவளை அவன் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஆனாலும் அவிழ்த்த சாக்கைத் திரும்பச் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்தான்.

மகன் செய்யக்கூடாது என்றால் நெருங்கிய பங்காளி செய்யவேண்டும். நவமணி திரும்பிப் பத்துமலையைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அருவருப்பும் வருகிறது. பத்துமலை கோட்டைக் கழற்றினான். உள்ளே இருந்த சட்டையைக் கழற்றினான். அதற்கும் உள்ளே ஒரு கம்பளியைக் கிழித்துப் பனியன் தைத்துப் போட்டிருந்தான், அதைக் கழற்றவில்லை. ஓடையில் கால் கட்டைவிரலை வைத்தான், எடுத்தான். கத்தி துருப்பிடித்திருக்கிறது என்றான். கொஞ்ச நேரம் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலம் கெட்டுக் கெடக்குலா. மஞ்சத் தண்ணி தெளிச்சாப் போதும், பெரியப்பா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு" என்றான்.

தூக்கியவர்களுக்கும் வெட்டியவர்களுக்கும் தெளிப்போடு முடிந்தது. எல்லாரும் காய்ந்த சாக்குக்கும் அடுப்புக்கும் ஓடி வந்தார்கள். அந்த வாரம் அவர்களில் ஒருவரும் சாகவில்லை. அதற்குப் பிறகு மலையில் எத்தனையோ சாவு வந்தது, எதற்கும் யாரும் ஓடையில் இறங்கவில்லை. கங்காணியே தெளித்துக்கொண்டு போனபிறகு யாரைக் கட்டாயப்படுத்த முடியும்?

அன்று சாயங்காலமே சொர்ணம் ஜெயபாலனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, உங்களைத் தண்ணீரில் இறக்கக்கூடாது என்றுதான் சொன்னேன், வேறு வழி தெரியவில்லை என்றாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பத்துமலை சும்மா இருப்பானா? ஊர் முன்னால் கோட்டைக் கழற்ற வைத்தவள் ஆயிற்றே. எத்தனை மாதம், எத்தனை மாதம் என்று அவள் வயிற்றைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போவான். வயிறு பெரிதாகவில்லை என்றதும், காட்டில் ஏதோ வேரைத் தின்று கலைத்துவிட்டாள், யாருடையதோ என்று கிளப்பிவிட்டான். மற்ற பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கள் புருஷன்மார் யாரால் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பெண்கள். ஒருத்தி அவள் தொட்ட பானையைத் திரும்பக் கழுவினாள், நான் பார்த்தேன்.

ஜெயபாலன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஆனால் வேலை முடிந்து வந்ததும் அடுப்புக்கு மேலே அவள் காயப்போட்டு வைத்திருக்கும் சாக்கை மட்டும் கை நீட்டி வாங்கிக்கொள்வான். அவள் காய்ச்சிய கஞ்சியைக் குடிப்பான். பேச்சுத்தான் கிடையாது. அந்தக் கையை ஒடிக்க வேண்டும் போல எனக்கு இருக்கும். அவளிடம் சொன்னேன், நனைந்து கிடக்கட்டும், உனக்கென்ன என்று. மலையை விட்டு இறங்குகிற வரைக்கும் அப்படிச் சொல்லாதே அக்கா என்றாள். அவள் சொன்னபடியே அவனை உயிரோடு இறக்கிக் கொண்டுவந்தாள்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன செய்தி வந்ததும் பழைய தோட்டத்துக்கே நடந்து வந்து சேர்ந்தோம். வந்ததும் ஜெயபாலன் அப்பனுக்குச் செய்யாமல் விட்டதைச் செய்யவேண்டும் என்று ஏற்பாடு பண்ணினான். நல்ல வெயிலில், ஆற்றங்கரையில், மொட்டை அடித்துக்கொண்டு தலைமுழுகினான். வெதுவெதுப்பான தண்ணீர், கரையில் துவட்ட ஒருவன் துண்டோடு நின்றான். பிறகு கோயில் வாசலில் எல்லாரையும் உட்காரவைத்து, இவளோடு வாழ முடியாது என்றான்.

நான் எழுந்து நின்று, மலையில் நான் சொன்னது பொய், அவள் மாசமாக இருக்கவில்லை, எந்தக் கெட்டதும் நடக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். அன்றைக்குச் சிலுவை போட்டுப் பொய் சொன்னவள் இன்றைக்குச் சொல்வதை எப்படி நம்புவது என்று பத்துமலை கேட்டான். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். மலையில் இருந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். நவமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயபாலன் அதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். அவள் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும், அதுவும் துரோகம்தான் என்றான்.

"நான் செத்துருந்தாலும் பரவால்ல. எங்கப்பனுக்குச் செய்ய விடாம என் மானத்த வாங்கிட்டா."

சொர்ணம் தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள். அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"உயிரோட இருக்கப்போய்த்தான மானத்தப் பத்திப் பேசுறீங்க" என்றாள்.

யாரோ ஒருவர், சாப்பாடு ஆறுகிறது என்றார். கோயிலுக்குப் பின்னால் பந்தி போட்டிருந்தார்கள், ரொம்ப காலத்துக்குப் பிறகு அரிசிச் சோறு. ஜெயபாலன் எழுந்து போய்ப் பத்துமலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். மலையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவன் பின்னால் போனார்கள்.